அளவு, உரு, அளவுரு

டிஸ்கி: நீளமான பதிவு. பாதி கம்ப்யூட்டர், பாதி கருங்கல். புரோகிராம் எழுதத் தெரியாதவங்க பயந்து ஓட வேண்டாம், வழியில வர்ற ரெண்டு மூணு சொல்லை அங்கங்கே விளக்கிட்டுத்தான் நகர்வேன்.

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஒவ்வொரு தடவையும் பாதியில மூடி வெச்ச விஷயம் இது. சோம்பல் மட்டும் காரணம் இல்லை. இதுக்குள்ள நான் செஞ்ச தப்பு ஒண்ணு இருக்கு. அதை விட்டுட்டு இந்த வரலாற்றை மட்டும் எழுதினா ஊருக்கு உபதேசம் பண்ற மாதிரி ஆயிடும்.

வீடு செங்கல்பட்டுல, கொளவாய் ஏரிக்குக் கொஞ்ச தூரத்துல. வேலை பழைய மகாபலிபுரம் சாலையில ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். 2019-ல வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு மென்பொருள் செஞ்சுக்கிட்டிருந்தோம். நர்ஸுங்க நாள் முழுக்கப் பார்க்கிற திரை. அதுல "நோயாளி அட்டை"ன்னு ஒரு துண்டு. பேர், வயசு, படுக்கை எண், ஒவ்வாமை எல்லாம் காட்டும்.

இந்த மாதிரித் துண்டுகளை, அதாவது பொத்தான், பட்டியல், அட்டை இதையெல்லாம், இப்ப ஒவ்வொண்ணும் ஒரு ஃபங்ஷனா எழுதுறோம். காம்போனென்ட்னு பேர். வெளியேயிருந்து அதுக்குள்ள நாம அனுப்புற தகவல்தான் பாராமீட்டர். தமிழ்ல அளவுரு. அனுப்பின தகவல் மாறினா திரை தானா மாறிக்கணும், அதனால "ரியாக்டிவ்". அவ்வளவுதான் பாடம்.

அந்த அட்டையை வடிவமைச்சது நான். ஆரம்பத்துல 4 அளவுரு. அப்புறம் ஒருத்தர் வந்து "சுருக்கமா காட்டணும்"னார், "சுருக்கமா?"ன்னு ஒரு ஆமாம்/இல்லை அளவுரு சேர்த்தேன். இன்னொருத்தர் "அச்சுக்கு"ன்னார், இன்னொண்ணு. "குழந்தையா?", "அவசரமா?", "திருத்தலாமா?", "படம் வேணுமா?"... ஒரு வருஷத்துல 23 ஆயிடுச்சு. ஆமாம்/இல்லை மட்டும் 6. ஆறு இருந்தா 64 விதமான கூட்டணி வரும். அதுல எத்தனை அர்த்தமுள்ளதுன்னு கேட்டா எழுதின எனக்கே தெரியாது.

அந்த 23-ல பிறந்த தேதியும் இருந்துச்சு, வயசும் தனியா இருந்துச்சு. அந்த வருஷம் பிப்ரவரியிலதான் ரியாக்ட் 16.8 வந்து, ஹூக்ஸ்னு ஒரு புது வசதி கையில கிடைச்சிருந்தது. ஆசையில, உள்ளே வந்த வயசை அட்டை தன்னோட சொந்த ஞாபகத்துல எடுத்து வெச்சுக்கற மாதிரி எழுதிட்டேன். அங்கதான் வினை. அப்படி எடுத்து வெச்சுக்கறதுக்கு நாம கொடுக்கிற மதிப்பை அது முதல் தடவை மட்டும்தான் பார்க்கும். அப்புறம் வெளியே என்ன மாறினாலும் கண்டுக்காது.

டெஸ்ட் பண்ணினப்ப ஒவ்வொரு நோயாளியையும் புதுசா திறந்து பார்த்தோம். எல்லாம் சரி. அதுக்கப்புறம் எங்க டீம்ல இருந்த டிரெய்னிப் பொண்ணு ஒரு பட்டியல் திரை எழுதுச்சு. இடது பக்கம் பேரை அழுத்தினா வலது பக்கம் அட்டை மாறும். பேர் மாறுச்சு. படுக்கை எண் மாறுச்சு. வயசு மட்டும் முந்தின ஆளோடதாவே நின்னுச்சு. 70 தாண்டின பெரியவர் பேருக்குக் கீழே 6 வயசு. நல்லவேளை, அங்க ஒரு நர்ஸ் பார்த்ததும் சிரிச்சிட்டாங்க. 46-க்கு பதிலா 52-ன்னு காட்டியிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க, நம்பியிருப்பாங்க. மருந்தளவு பார்க்கிற திரைங்க அது.

மீட்டிங்ல "அந்தத் திரையை எழுதினது யார்?"னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு எழுந்து "நான்தான், ஸாரி"ன்னுச்சு. அட்டையை எழுதினது நான்னு சொல்ல ரெண்டு நொடி போதும். நான் வாயைத் திறக்கலை.

அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்சது இந்தத் தேடல். ஒரு ஃபங்ஷனுக்குள்ள தகவல் அனுப்புறதைப் பத்தி மனுஷங்க எப்பலேர்ந்து யோசிச்சிருக்காங்க?

நாடாவுல குத்தினது

ரொம்ப நாளாவே யோசிச்சிருக்காங்க. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல 1949 மே மாசம் எட்சாக்னு ஒரு கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிச்சது. அடிக்கடி தேவைப்படற கணக்குகளை, வர்க்கமூலம் மாதிரி, தனித்தனி காகித நாடாவுல குத்தி அலமாரியில அடுக்கி வெச்சாங்க. வேணுங்கறவங்க எடுத்துத் தன் நிரலோட சேர்த்துக்கலாம். இன்னிக்கு லைப்ரரின்னு சொல்றோமே, அசல்ல அது ஒரு அலமாரி! வில்க்ஸ், வீலர், கில் மூணு பேரும் சேர்ந்து 1951-ல இதைப் புத்தகமாவும் போட்டாங்க. புரோகிராம் எழுதறதைப் பத்தின ஆரம்பகாலப் புத்தகம் அது.

அதுல அளவுருவை ரெண்டு சாதியா பிரிச்சிருந்தாங்க. ஒண்ணு, நாடாவை மெஷினுக்குள்ள ஏத்தும்போதே நிர்ணயிச்சிடறது. ஏத்தினப்புறம் மாறாது. இன்னொண்ணு, ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் கூடவே அனுப்பறது. அழைக்கற கட்டளைக்கு அடுத்த இடத்துலயே அதை எழுதி வெச்சிடுவாங்க. ரெண்டுக்கும் வேற வேற பேர், வேற வேற இடம். குழப்பிக்க வாய்ப்பே இல்லை.

படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் அட்டையோட வயசு முதல் சாதி, பேர் ரெண்டாவது சாதி. ஆனா வெளியேயிருந்து பார்க்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி. அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?

அடுத்து 1960. ஆல்கால் 60-ங்கிற மொழியோட அறிக்கை. அங்கயும் ரெண்டு வழி. "மதிப்பா அனுப்பு"ன்னா உள்ளே நுழையும்போது ஒரே ஒரு தடவை கணக்கிட்டு எடுத்துக்கும். "பேரா அனுப்பு"ன்னா உள்ளே அதைப் பயன்படுத்தற ஒவ்வொரு தடவையும் வெளியே எட்டிப் பார்த்துப் புதுசா கணக்கிடும். எது எந்த ரகம்னு ஃபங்ஷனோட தலைப்புலயே எழுதணும். மதிப்பா வேணும்னா அப்படின்னு வெளிப்படையா சொல்லணும். சொல்லலேன்னா பேரா போகும். பேரா அனுப்பறது மெஷினுக்கும் பாரம், படிக்கறவங்களுக்கும் சமயத்துல தலை சுத்தும். அதனால பின்னாடி வந்த பாஸ்கல் (1970) அதைக் கைவிட்டுடுச்சு. ஆனா கேள்வி செத்துப் போகலை. ஒரு தடவை படிக்கிறியா, ஒவ்வொரு தடவையும் படிக்கிறியா?

"வரையாதே"ன்னா வரையுமாம்

திரை, பொத்தான், சுட்டியெல்லாம் வந்தப்புறம் அளவுருக்கள் வேற திசையில வீங்க ஆரம்பிச்சது. ஒரு பொத்தானுக்கே நிறம், அகலம், எழுத்து, நிலைன்னு நூறு சமாச்சாரம்.

நம்மள்ல பல பேருக்கு முதல் அறிமுகம் விஷுவல் பேசிக் தானே? 1991-ல முதல் பதிப்பு வந்தது. நான் கத்துக்கிட்டது அதுக்கு ரொம்பப் பின்னாடி, மாடியில இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல, ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர். பொத்தானை இழுத்துப் போட்டா ஓரத்துல ஒரு பட்டியல் வரும். எழுத்து என்ன, தெரியணுமா, அழுத்தலாமா. ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கும், எதிரே மதிப்பு இருக்கும். பார்த்தாலே புரியும். எத்தனையோ பேர் அதைப் பார்த்துத்தான் வேலைக்கு வந்தோம்.

ஆனா அதுல ஒரு தொல்லை. பொத்தான் எல்லாத்தையும் தானே ஞாபகம் வெச்சுக்கும். தகவல் மாறினா "இப்ப எழுத்தை மாத்து, இப்ப அழுத்த விடாதே"ன்னு ஒவ்வொண்ணா நாமதான் போய்ச் சொல்லணும். ஒண்ணைச் சொல்ல மறந்தா திரை பொய் சொல்லும்.

இதே காலத்துல நார்வேயில ட்ரோல்டெக்னு ஒரு கம்பெனி, க்யூட்டின்னு ஒரு கருவித்தொகுப்பு. 2005-ல அதோட நாலாவது பதிப்பு வந்த சமயம், தங்களோட பழைய வடிவமைப்புல இருந்த தப்புகளை அவங்களே ஒரு கட்டுரையா எழுதினாங்க. மத்தியாஸ் எட்ரிச் எழுதினது. (தன் தப்பைத் தானே எழுதறதுக்கு ஒரு தைரியம் வேணும். எனக்கு எத்தனை வருஷம் ஆச்சு பாருங்க.)

அதுல ரெண்டு உதாரணம் மறக்க முடியாதது. ஒண்ணு, நகர்த்துற பட்டை. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க இருக்குமே, அது. பழைய பதிப்புல அதை உருவாக்க 7 அளவுரு, வரிசையா. முதல் நாலு வெறும் எண்: 12, 18, 3, 13. எது குறைந்தபட்சம், எது அதிகபட்சம், எது தாவல், எது இப்போதைய மதிப்பு? கையேட்டைத் திறக்காம சொல்ல முடியாது. எழுதறவன் ஒரு தடவை எழுதிட்டுப் போயிடுவான், படிக்கறவன் பத்து தடவை கையேட்டைத் திறக்கணும்.

ரெண்டாவது இன்னும் ஜோர். திரைத்துண்டைத் திரும்ப வரையச் சொல்ற ஃபங்ஷன். அதுக்கு ஒரு ஆமாம்/இல்லை அளவுரு. நம்ம மொழியில எழுதினா இப்படி:

மறுபடி_வரை(இல்லை)

படிச்சா என்ன புரியுது? வரையாதேன்னு தானே? இல்லையாம். "வரை, ஆனா பின்னணியை அழிக்காதே"ன்னு அர்த்தமாம்! அந்த "இல்லை" எதுக்கான இல்லைங்கறது கூப்பிடற இடத்துல எங்கயும் தெரியாது. ஒரு சொல்லைச் சேமிக்கப் போய் அர்த்தத்தையே தலைகீழாக்கின கதை. என் அட்டையில இப்படி 6 இல்லைகள். பேர் வெச்சுத்தான் அனுப்பினோம்ங்கறது ஒரு ஆறுதல், ஆனா "சுருக்கமா? ஆமாம், அச்சுக்கா? ஆமாம், திருத்தலாமா? ஆமாம்"னு ஒருத்தர் அனுப்பினா என்ன ஆகும்? அச்சடிச்ச காயிதத்துல எப்படித் திருத்தறது!

கட்டம் மாறினா கணக்கு மாறும்

"சொன்னதும் தானா மாறிக்கற" யோசனைக்கு ஒரு தாத்தா உண்டு. நம்ம எக்செல்லோட தாத்தாவும் அவர்தான். 1979-ல டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் செஞ்ச விசிகால்க். ஒரு கட்டத்துல விலை, ஒரு கட்டத்துல எண்ணிக்கை, மூணாவது கட்டத்துல பெருக்கல். விலையை மாத்தினா மூணாவது தானா மாறும். யாரும் போய் அதுகிட்ட சொல்ல வேண்டாம். மூணாவது கட்டத்துக்குன்னு சொந்தமா ஒரு எண் இல்லை. வாய்ப்பாடுதான் இருக்கு.

அதே 1979-ல ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த நார்வேக்காரர் டிரிக்வே ரீன்ஸ்கௌக் வேற ஒரு கோணத்துல யோசிச்சார். தகவல் ஒரு இடத்துல இருக்கட்டும், அதைக் காட்டறது வேற ஒண்ணா இருக்கட்டும். எம்.வி.சி-ன்னு நாம இண்டர்வியூவுக்கு மனப்பாடம் பண்ணினது இதோட வம்சம். காட்டற துண்டு தகவலுக்குச் சொந்தக்காரன் இல்லைங்கறது அதோட சாரம்.

1997-ல கோனல் எலியட்டும் பால் ஹூடக்கும் "ஃபிரான்"னு ஒண்ணு எழுதினாங்க. அசையும் படங்களுக்கானது. அதுல ஒரு மதிப்புன்னா அது ஒரு எண் இல்லை, நேரத்தோட மாறிக்கிட்டே இருக்கற ஒண்ணு. அப்படிப்பட்டதையே அளவுருவா அனுப்பலாம். ஆல்கால்ல "பேரா அனுப்பினது" வேற வேஷத்துல திரும்ப வந்த மாதிரி எனக்குத் தோணுச்சு.

இதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரை அளவுல இருந்தது. தெருவுக்கு வந்தது 2013 மே மாசம், ஜோர்டன் வால்க் ஃபேஸ்புக்ல உருவாக்கின ரியாக்டைப் பொதுவுல வெச்சப்ப. யோசனை முரட்டுத்தனமானது. பொத்தான்கிட்ட போய் இதை மாத்து, அதை மாத்துன்னு சொல்லாதே. தகவல் மாறினா ஃபங்ஷனை மறுபடி முழுசா கூப்பிடு. திரை எப்படி இருக்கணும்னு அது திரும்பச் சொல்லட்டும், எது மாறியிருக்குன்னு நான் பார்த்துக்கறேன். விஷுவல் பேசிக்ல "சொல்ல மறந்த" தொல்லை இதோட ஒழிஞ்சது.

ஒழிஞ்சதா? முழுசா இல்லை. உள்ளே வந்த தகவலை எடுத்துத் தன் ஞாபகத்துல ஒரு நகல் வெச்சுக்கற பழக்கத்தை மனுஷங்க விடலை. 2018 ஜூன்ல ரியாக்ட் குழுவே இதைப் பத்தி நீளமா எழுதி எச்சரிச்சாங்க. எழுதினவர் பிரையன் வான். உள்ளே வர்ற தகவலை நகலெடுக்காதே, அப்படியே பயன்படுத்து. முதல் மதிப்பு மட்டும் வேணும்னா, ஆள் மாறும்போது துண்டையே புதுசா பிறக்க வை. நான் அட்டையை எழுதினது அதுக்கு அடுத்த வருஷம். படிக்கலை. என்ன சொல்ல?

ரியாக்ட்காரங்ககிட்ட பேர் வைக்கிற வழக்கமும் ஒண்ணு இருக்கு. ஒரு தடவை மட்டும் படிக்கப்படற அளவுருன்னா பேருக்கு முன்னாடி "ஆரம்ப" அல்லது "இயல்பு"ன்னு அர்த்தம் வர்ற சொல்லைச் சேர்க்கணும். வெறும் "வயசு"ன்னா ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன், "ஆரம்ப வயசு"ன்னா ஒரே தடவைதான். 1951-ல நாடாவுல பிரிச்சது, 1960-ல தலைப்புல எழுதினது, இப்ப பேருல வந்து நிக்குது. நான் "ஆரம்ப வயசு"ன்னு பேர் வெச்சிருந்தா அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருக்கும்.

மாமல்லபுரத்துல ஒரு ஞாயித்துக்கிழமை

அந்த மாசமே திருச்சியிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அவருக்கு ஐந்து ரதம் பார்க்கணும். செங்கல்பட்டுல பஸ் ஏறி திருக்கழுக்குன்றம் வழியா போனோம். மாமல்லபுரத்துல இறங்கினா முதல்ல காதுக்குத்தான் ஊர் தெரியும், உளிச்சத்தம். 1957-லேர்ந்து சிற்பக்கலைக்கு அரசுக் கல்லூரி இருக்கற ஊர். 2017-ல இந்த ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. வெயிலுக்கு ஒதுங்கி ஒரு பட்டறையில நின்னோம். பெரியப்பா பேச்சுக் கொடுத்தா யாரும் தப்ப முடியாது.

"மூணு அடில அம்மன் வேணும்னு வந்தா, தொடை எவ்வளவு, முழங்கால் எவ்வளவுன்னு அவங்களைக் கேப்பீங்களா?"ன்னு நான் கேட்டேன்.

சிற்பி சிரிச்சார். "அதை எதுக்குத் தம்பி அவங்ககிட்ட கேக்கணும்? எந்த சாமி, எவ்வளவு உயரம். ரெண்டு தெரிஞ்சா போதும். மிச்சம் கணக்குல வந்துடும்."

அந்தக் கணக்குக்குப் பேர் தாலமானம். விஷ்ணு, சிவன் மாதிரி பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் 124 பங்கு. உமை, லட்சுமி மாதிரி தேவியருக்கு மத்யம தசதாலம், 120 பங்கு. அதுக்கும் அடுத்தது 116. குழந்தை உருவம், பூதகணமெல்லாம் இன்னும் சின்னத் தாலம். அந்த ஒரு பங்குக்குத்தான் அங்குலம்னு பேர். நம்ம ஸ்கேல்ல இருக்கற அங்குலம் இல்லை, உருவத்தோட உயரத்தையே வகுத்து வர்ற அங்குலம். கோபிநாத ராவ் எழுதின தாலமான நூல் 1920-ல வந்தது, அட்டவணையெல்லாம் அதுல இருக்கு.

உத்தம தசதாலத்தை நானே கூட்டிப் பார்த்தேன். உச்சி 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 13½, மார்பிலிருந்து தொப்புள் 13½, அதுக்குக் கீழே 13½, தொடை 27, முழங்கால் 4, கணுக்கால் வரை 27, பாதம் 4. சரியா 124! பீடமும் கிரீடமும் தனி. 62 இஞ்ச் உயரத்துல செஞ்சா ஒரு பங்கு அரை இஞ்ச், தொடை 13½ இஞ்ச். 31 இஞ்ச்னா எல்லாம் பாதி.

சுவாமிமலையில விக்கிரகம் வார்க்கறவங்க இதை இன்னும் அழகா செய்வாங்கன்னார் அவர். தென்னை ஓலையை உருவத்தோட உயரத்துக்கு நறுக்கி, பங்கு பங்கா மடிச்சு, அந்த மடிப்பையே அளவுகோலா வெச்சுக்குவாங்க. ஒடியோலைன்னு பேர். ஓலையோட நீளம் மாறினா மடிப்பெல்லாம் கூடவே மாறும். விசிகால்க்கோட மூணாவது கட்டம்!

நின்ன இடத்துல எனக்கு என் 23 ஞாபகம் வந்துச்சு. இங்க ரெண்டே அளவுரு. அதுலயும் எந்தத் தாலம்ங்கறது "ஆணா? தேவியா? குழந்தையா? பூதமா?"ன்னு நாலு ஆமாம்/இல்லை கிடையாது. ஒரு பட்டியல்ல இருந்து ஒண்ணை எடு, அவ்வளவுதான். குழந்தையும் பூதமும் சேர்ந்த ஒண்ணை யாரும் தெரியாத்தனமா கேட்டுட முடியாது.

அப்புறம் கை. தேவி சிலைகள்ல ஒரு கை, விரல் நுனிகள் லேசா வளைஞ்சு வளையம் மாதிரி இருக்கும் பார்த்திருக்கீங்களா? கடக முத்திரை. செப்புத் திருமேனிகள்ல அந்த வளையத்துல தினம் புதுப்பூ செருகலாம். என்ன பூன்னு சிற்பி தீர்மானிக்கலை, பூவுக்கு இடம் மட்டும் விட்டிருக்கார். 2021 ஜூலையில 1.0 ஆன ஜெட்பேக் கம்போஸ்ல இதே வேலைக்கு "ஸ்லாட்"னு பேர் வெச்சிருக்காங்க. பொத்தானுக்குள்ள என்ன வரணும்னு இருபது அளவுரு வைக்காம, இடத்தை விட்டு வை, கூப்பிடறவங்க வேணுங்கறதைச் செருகிக்கட்டும்.

கணபதி ஸ்தபதி வடிவமைச்ச கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை (2000 ஜனவரி 1-ல திறந்தது) 133 அடி. பீடம் 38, சிலை 95. அறத்துப்பால் 38 அதிகாரம், பொருளும் இன்பமும் சேர்ந்து 70 + 25 = 95. ரெண்டைச் சொன்னா மூணாவது தானா வரும். மூணையும் தனித்தனியா ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுத்தா, என்னைக்காவது ஒரு நாள் கூட்டுத்தொகை இடிக்கும். நான் பிறந்த தேதியும் கொடுத்து வயசும் கொடுத்தது அதைத்தான்.

கிளம்பும்போது சிற்பி ஒண்ணு சொன்னார். "ஒருத்தர் மூணு அடின்னு சொல்லிட்டுப் போனார் தம்பி. பாதி வேலையில வந்து ரெண்டரை போதும்கறார். கல்லு கேக்குமா?"

கேக்காது. கல்லுக்கு அளவு ஒரே தடவைதான். ஐந்து ரதங்களையே பாருங்க, மேலேயிருந்து கீழே செதுக்கிட்டு வந்திருக்காங்க, அடிப்பகுதி அங்கங்கே முடியாம நிக்குது. மேலே வெட்டினதை மறுபடி எழுப்ப வழி கிடையாது. சிற்பியைப் பொறுத்தவரைக்கும் எல்லாமே "ஆரம்ப அளவு"தான், அது சரியும்கூட. திரை கல் இல்லை. அதுக்குத் தகவல் மணிக்கு நூறு தடவை மாறும். நான் திரையில கல்லு மாதிரி ஒரு வயசைச் செதுக்கிட்டேன்.

23 எப்படி 5 ஆச்சு

திங்கக்கிழமை உட்கார்ந்து அட்டையைத் திரும்ப எழுதினேன். இப்ப 5.

முதலாவது, நோயாளி. பேர், தேதின்னு பிச்சுப் பிச்சு இல்லாம முழுப் பதிவும் ஒண்ணா. ஒருத்தர் பேரும் இன்னொருத்தர் வயசும் சேர இனி வழியே இல்லை. இதுல ஒரு நஷ்டமும் உண்டு. பதிவோட அமைப்பு மாறினா அட்டையும் மாறணும், வேற இடத்துல அட்டையைப் பயன்படுத்தறது கஷ்டம். பொதுவான பொத்தானுக்கு நான் இப்படிச் செய்ய மாட்டேன். ஆஸ்பத்திரி அட்டைக்கு இந்த நஷ்டம் பரவாயில்லை.

ரெண்டாவது, எந்தத் தேதிக்கு. வயசைக் கணக்கிடப் பிறந்த தேதி மட்டும் போதாதே, இன்னிக்கு என்ன தேதின்னும் தெரியணும். முன்னாடி அது ஒளிஞ்சுக்கிட்டிருந்த அளவுரு. சொல்லலேன்னா இன்றைய தேதின்னு எடுத்துக்கும், டெஸ்ட் பண்ணும்போது நாம சொல்லலாம்.

மூணாவது, வகை. சுருக்கம், முழுசு, அச்சு, இதுல ஒண்ணு. நாலாவது, நர்ஸ் ஏதாவது மாத்தினா யார்கிட்ட சொல்லணும்ங்கறது. அட்டை தானா எதையும் மாத்தி வெச்சுக்காது, சொந்தக்காரன்கிட்ட சொல்லும், அவன் மாத்தினா தானும் மாறும். அஞ்சாவது, ஓரத்துல பூ செருகற இடம். அவசரம், படம், மத்த அலங்காரமெல்லாம் அங்க வந்துடும்.

கட்டாயமானது முதல்ல, விருப்பமானது பின்னாடி. "குழந்தையா?" போயே போச்சு, வயசைப் பார்த்து அட்டையே தெரிஞ்சுக்கட்டும்.

இதுல எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லைன்னு இவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எட்சாக்லேர்ந்து ஒடியோலை வரைக்கும் எல்லாரும் சொல்லி வெச்சதுதான். அளவுருப் பட்டியலை எழுதறவன், தனக்குப் பின்னாடி வந்து அதைப் பயன்படுத்தப் போறவன் எங்க தடுக்கி விழுவான்னு தீர்மானிக்கிறான். நான் ஒரு குழியை வெட்டி வெச்சிட்டு, விழுந்த பொண்ணைப் பார்த்து "பார்த்துப் போகக்கூடாதா"ன்னு எல்லாரும் கேட்டப்ப கூட்டத்தோட நின்னேன்.

அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு. போன மாசம்தான் தைரியம் வந்து ஒரு மெசேஜ் அனுப்பினேன். நடந்தது என் தப்பு, அன்னைக்கே சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கம்மான்னு. ரெண்டு நாள் பதில் இல்லை. மூணாவது நாள் வந்துச்சு.

"எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சுண்ணா. ஆனா 23-ல எதைன்னு கேக்கறது? அதான் கேக்கலை."

அதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

பி.கு: உங்க நிரல்ல "வரையாதேன்னா வரையும்" ரகத்துல ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம் :-) தாலமானம் முறையா படிச்சவங்க இருந்தா, நான் கூட்டினதுல பிழை இருந்தாலும் திருத்துங்க.